டிரெஸ்டன் முதல் பார்வையில் எப்படித் தெரியும்? படிக்க வருகிறவருக்கு ஒரு விரிவான பதில்

"அக்டோபரில் ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர்கிறேன், வெளிநாட்டுக்கு வருவதே இதுதான் முதல் தடவை, இறங்கியதும் ஊர் எப்படி இருக்கும், எதற்கெல்லாம் தயாராக வரவேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அங்கேதான் படித்தேன். படிப்பு முடிந்தும் இந்த ஊரை விட்டுப் போக மனமில்லாமல் இங்கேயே வேலை தேடிக்கொண்டேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இங்கே வரும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் இணையத்தில் பார்த்த ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். எல்பே ஆறு, கல்பாலம், பின்னால் வரிசையாகக் கோபுரங்கள். அந்தக் காட்சி உண்மையிலேயே இருக்கிறது, படத்தைவிட நேரில் அழகு. ஆனால் ரயிலை விட்டு இறங்கும்போது முதலில் கண்ணில் படுவது வேறு. அந்த வித்தியாசத்தில் பலர் முதல் வாரமே "இதுவா டிரெஸ்டன்" என்று சோர்ந்துபோகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்வதுதான் இந்த ஊரைப் புரிந்துகொள்ளும் வழி.

பெர்லினிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ விமானம் இறங்கி, ரயில் பிடித்துத்தான் வருவீர்கள். பெர்லினிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம், ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல். தலைமை ரயில் நிலையத்தில் இறங்கியதும் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டுத் தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள். 1898-ல் திறந்த நிலையம் அது, இரும்பு வளைவுகள் பழையவை. அவற்றின் மேல் கண்ணாடி நாரில் செய்து டெஃப்லான் பூசிய வெள்ளைச் சவ்வு ஒன்றை இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் வடிவமைப்பு, 2006-ல் முடிந்தது. மேகமூட்டமான நாளில்கூட நடைமேடை முழுக்க ஒரு வெண்மையான வெளிச்சம் பரவியிருக்கும். டிரெஸ்டன் அப்போது கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியில் இருந்தது. 1989 அக்டோபர் தொடக்கத்தில், செக்கோஸ்லோவாகியாவின் தலைநகர் பிராகில் இருந்த மேற்கு ஜெர்மனித் தூதரகத்தில் தஞ்சம் புகுந்திருந்த கிழக்கு ஜெர்மானியர்களை ஏற்றிக்கொண்டு மேற்கே போன ரயில்கள் இந்த நிலையத்தைத்தான் கடந்தன. எப்படியாவது அதில் ஏறிவிட வேண்டும் என்று ஆயிரக்கணக்கானவர்கள் இங்கே திரண்டு காவல்துறையோடு மோதினார்கள். அடுத்த மாதம் பெர்லின் சுவர் திறந்தது. இப்போது அதே நடைமேடையில் காபிக் கோப்பையோடு மாணவர்கள் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்னமும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் பிராகர் தெரு. அகலமான நடைபாதை, இருபுறமும் நீண்ட பெட்டி பெட்டியான கட்டடங்கள், கடைவளாகங்கள். இங்கேதான் பலருக்கு முதல் ஏமாற்றம் வருகிறது. 1945 பிப்ரவரி 13 முதல் 15 வரை பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டுகளில் நகரத்தின் நடுப்பகுதி மொத்தமாக எரிந்துபோனது, இறந்தவர்கள் 25,000 பேர் வரை என்று நகரம் அமைத்த வரலாற்றாசிரியர் குழு 2010-ல் முடிவு சொன்னது. அந்த வெட்டவெளியில் கிழக்கு ஜெர்மனி அரசு அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கட்டிய சோஷலிச நகரம்தான் பிராகர் தெரு. இது தெரிந்து நடந்தால் அந்தத் தெரு வேறு மாதிரித் தெரியும், எனக்கு அது பிடித்துப்போனதும் அப்படித்தான்.

அப்படியே வடக்கே நடந்தால் ஆல்ட்மார்க்ட், அதைத் தாண்டி நொய்மார்க்ட் சதுக்கம், அங்கே ஃபிரௌவன்கிர்ஷ தேவாலயம். இந்த இடத்துக்குத் தயவுசெய்து அவசரமாகப் போகாதீர்கள். சுவருக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்று கற்களைப் பாருங்கள். பெரும்பாலானவை வெளிர் மஞ்சள், நடுநடுவே திட்டுத்திட்டாகக் கரும் கற்கள். கரியவை 18-ஆம் நூற்றாண்டில் கட்டிய பழைய தேவாலயத்தின் கற்கள். குண்டுவீச்சின் நெருப்பில் வெந்து, 1945 பிப்ரவரி 15 காலையில் கட்டடம் அப்படியே சரிந்து விழுந்தது. கிழக்கு ஜெர்மனிக் காலம் முழுக்க அந்த இடிபாட்டுக் குவியலைப் போர் நினைவிடமாக விட்டுவைத்திருந்தார்கள். இரண்டு ஜெர்மனியும் இணைந்த பிறகு, 1994-ல் மறுகட்டுமானம் தொடங்கி, குவியலிலிருந்து எடுத்த கற்களில் பயன்படுத்த முடிந்தவற்றை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, அது இருந்த இடத்திலேயே பொருத்தி, மீதிக்குப் புதுக் கல் வைத்து 2005 அக்டோபரில் முடித்தார்கள். இந்த ஊர் மணற்கல் காற்றும் மழையும் பட்டுத் தானாகவே கறுத்துவிடும், அதனால் இன்னும் சில தலைமுறை கழித்து இரண்டும் ஒரே நிறமாகிவிடும். நாம் பார்க்கிற காலத்தில் எது பழையது, எது புதியது என்று சுவரே காட்டிக்கொடுக்கிறது. உச்சியில் இருக்கும் சிலுவையைச் செய்தவர் ஒரு லண்டன் பொற்கொல்லர். அவருடைய அப்பா அந்தக் குண்டுவீச்சில் கலந்துகொண்ட விமானி. இதை முதன்முதலில் கேட்டபோது நான் பேச்சற்று நின்றேன்.

இந்தக் கண்ணோடு சுற்றிலும் பார்த்தால், நொய்மார்க்ட்டில் இருக்கும் அழகழகான பரோக் பாணி (பழைய ஐரோப்பிய அலங்காரக் கட்டடப் பாணி) வீடுகள் பலவும் 2000-க்குப் பிறகு எழுந்தவை என்பது புரியும். முகப்பு பழைய வரைபடத்தின்படி, உள்ளே கான்கிரீட். சிலர் இதைப் போலி என்கிறார்கள், இங்கே படிக்கும் கட்டடக்கலை மாணவர்களிடம் இது முடிவே இல்லாத விவாதம். எனக்குப் போலி என்று சொல்லத் தோன்றவில்லை. ஊரைப் பறிகொடுத்தவர்கள் அதைத் திரும்பக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் உண்மையிலேயே தப்பிப் பிழைத்த ஒன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. சாக்சனியை (டிரெஸ்டன் இருக்கும் மாநிலம்) ஆண்டவர்கள் குதிரைமேல் ஊர்வலம் போகும் சுவர்ச் சித்திரம், சுமார் 100 மீட்டர் நீளம், முழுக்க மைசன் பீங்கான் ஓடுகள். சுற்றியிருந்த எல்லாம் எரிந்தும் அது பெரிய சேதமில்லாமல் நின்றது.

பழைய வீடுகள் நிறைந்த தெருக்களைப் பார்க்க வேண்டுமானால் ஆற்றைக் கடந்து வடக்கே நொய்ஸ்டாட் பகுதிக்குப் போங்கள். குண்டுவீச்சில் வெளி நொய்ஸ்டாட் பெரும்பாலும் தப்பியது, 19-ஆம் நூற்றாண்டு வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. மாணவர்களின் மாலை நேரம் எல்லாம் இங்கேதான்: அலவுன் தெரு, லூயிசன் தெரு, சின்னச் சின்ன உணவகங்கள், சுவரெல்லாம் ஓவியம். மழைக்குழாய்களை இசைக்கருவி மாதிரி வளைத்துப் பொருத்திய நீல வீடு ஒன்று இங்கே ஒரு முற்றத்தில் இருக்கிறது, ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கேதான் முதலில் கூட்டிப்போவேன்.

சரி, நீங்கள் வசிக்கப்போவது இந்த இரண்டிலுமே இல்லாமல் போகலாம். பல்கலைக்கழகம் ரயில் நிலையத்துக்குத் தெற்கே, மேட்டுப் பக்கம். மாணவர் விடுதிகளில் பல கிழக்கு ஜெர்மனிக் காலத்து அடுக்குமாடிகள், கான்கிரீட் பலகைகளை அடுக்கி எழுப்பியவை. வெளியிலிருந்து பார்த்தால் உற்சாகம் தராது, உள்ளே புதுப்பித்திருப்பார்கள். அறையில் ஹீட்டர், இரண்டு விதமாகத் திறக்கும் ஜன்னல், பொதுச் சமையலறை. குளிர்காலத்திலும் தினமும் சில நிமிடம் ஜன்னலை முழுதாகத் திறந்து காற்று விட வேண்டும், இல்லையென்றால் நம் சமையலின் ஈரப்பதத்துக்குச் சுவரில் பூஞ்சை பிடித்துவிடும், வீட்டுக்காரர் அந்தச் செலவை உங்கள் முன்பணத்தில் பிடிக்கவும் செய்யலாம்.

அடுத்து அமைதி. நம் ஊர்ச் சத்தத்தில் வளர்ந்தவர்களை முதல் வாரம் உலுக்கிப்போடுவது குளிரைவிட இதுதான். ஐந்தரை லட்சம் பேர் இருக்கும் நகரம், ஆனால் டிராமுக்குள் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தாலும் சக்கரச் சத்தம்தான் கேட்கும். ஹாரன் இல்லை. இரவு பத்து மணிக்கு மேல் துணி துவைக்கும் இயந்திரம் போட்டால் பக்கத்து வீட்டில் இருந்து கதவு தட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், மளிகையும் சேர்த்து. ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் போன்ற சில மட்டும் விதிவிலக்கு. சனிக்கிழமை வந்து இறங்கினால் மாலைக்குள் அரிசி, பால், முட்டை வாங்கி வைத்துவிடுங்கள். ஞாயிறு மத்தியானம் ஆளில்லாத தெருவைப் பார்த்து "இந்த ஊரில் மனிதர்களே இல்லையா" என்று பலருக்கு அழுகை முட்டும். மனிதர்கள் எல்லாம் ஆற்றங்கரையில் இருப்பார்கள், அங்கே போங்கள்.

எல்பே கரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நகரத்தின் நடுவில் ஓடும் ஆறு, ஆனால் கரையை ஒட்டிக் கட்டடம் கட்டாமல் இருபுறமும் அகலமான புல்வெளியாக விட்டிருக்கிறார்கள், வெள்ளம் வந்தால் பரவ இடம் வேண்டும் என்பதற்காக. 2002 ஆகஸ்டில் ஆறு 9.40 மீட்டர் வரை ஏறியது, துணை ஆறான வைசரிட்ஸ் தன் பழைய பாதைக்குத் திரும்பி ரயில் நிலையத்துக்குள்ளேயே புகுந்தது. மற்ற நாட்களில் அந்தப் புல்வெளி எல்லோருடைய முற்றம். சைக்கிள் விடுவார்கள், கரி அடுப்பில் இறைச்சி சுடுவார்கள், சும்மா படுத்துக் கிடப்பார்கள். துடுப்புச் சக்கரம் வைத்த பழைய நீராவிக் கப்பல்கள் புகை விட்டுக்கொண்டு போகும், பலவற்றுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கை 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது, நடுவே ஒரு புதுப் பாலம் கட்டியே தீருவோம் என்று நகரம் நின்றதால் 2009-ல் அந்தத் தகுதியைப் பறித்துக்கொண்டது. பாலம் வேண்டுமா என்று பொதுவாக்கெடுப்பு நடத்தி மக்கள் வேண்டும் என்று சொன்னபிறகு நடந்தது இது. இன்றும் வயதானவர்களிடம் அந்தப் பாலத்தைப் பற்றிக் கேளுங்கள், ஜெர்மன் பழக நல்ல வழி, நிறுத்தாமல் பேசுவார்கள்.

இன்னொரு பாலமும் பேச்சில் வரும். கரோலா பாலத்தின் ஒரு பகுதி 2024 செப்டம்பர் 11 அதிகாலையில் இடிந்து ஆற்றில் விழுந்தது. கடைசி டிராம் கொஞ்ச நேரத்துக்கு முன்தான் கடந்திருந்தது, யாருக்கும் காயமில்லை. மீதியையும் பிறகு இடித்துவிட்டார்கள், டிராம்கள் மற்ற பாலங்கள் வழியாகச் சுற்றிப் போகின்றன. அதனால் பழைய வரைபடத்தை நம்பாமல் போக்குவரத்துச் செயலியைப் பார்த்துப் போங்கள். டிராமில் ஏறும்போது டிக்கெட் கேட்க ஆளே இருக்கமாட்டார்கள், திடீரென்று சாதாரண உடையில் பரிசோதகர் எழுந்து நிற்பார், டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ. மாணவர் பயணச்சீட்டு கைக்கு வரும்வரை தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அலுவலக வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, செய்ய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட தாள் தேவை. அது முடிந்தால்தான் பிளாக்ட் அக்கவுன்ட்டில் (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் ஒரு தொகை மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) போட்டு வைத்த பணம் வருவது, வரி எண் வருவது, விசா நீட்டிப்பு எல்லாம் நகரும். அந்தக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோதான் வரும், முதல் மாதத்துக்கு வேறு பணம் கையில் இருக்கட்டும், ஏனென்றால் வாடகை முன்பணமும் அதே மாதம்தான் கேட்பார்கள். தொலைக்காட்சியே இல்லாவிட்டாலும் ஒளிபரப்புக் கட்டணம் என்று மாதம் 18.36 யூரோவுக்குத் தபால் வரும், அது ஏமாற்று வேலை இல்லை, ஒரு வீட்டுக்கு ஒருவர் கட்டினால் போதும். இங்கே தபாலில் வருவது எதையும் பிரிக்காமல் போட்டுவைக்காதீர்கள்.

சாப்பாடு பற்றிப் பயமே வேண்டாம். பல்கலைக்கழக மென்சாவில், அதாவது மாணவர் உணவகத்தில், தினமும் சைவம் உண்டு. கறிவேப்பிலை, பச்சை மிளகாய், வெண்டைக்காய், கொத்தமல்லி எல்லாம் இந்தியக் கடைகளைவிட வியட்நாமியர் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். கிழக்கு ஜெர்மனி அரசு எண்பதுகளில் வியட்நாம், மொசாம்பிக், அங்கோலா போன்ற நாடுகளில் இருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தது, சுவர் விழுந்தபின் வேலை போனது, திரும்பிப் போகாமல் தங்கிய வியட்நாமியர்கள் கடை வைத்துப் பிழைத்தார்கள். அந்தக் கடை அம்மாக்கள் சிலர் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசமாட்டார்கள், ஆனால் புது மாணவன் கையில் எந்த மிளகாய் காரம் என்று எடுத்துக் கொடுப்பார்கள்.

படிக்கிற இடத்தைப் பற்றி: நூலகத்தின் பெரிய வாசிப்பறை தரைக்குக் கீழே இருக்கிறது, மேலே கண்ணாடிக் கூரை, அதைச் சுற்றிப் புல்தரை. தேர்வுக் காலத்தில் காலை எட்டு மணிக்கே இடம் பிடிக்க வேண்டும். அந்த நூலகத்துக்குள்ளேயே உலகில் மிஞ்சியிருக்கும் நான்கே நான்கு மாயர் (மத்திய அமெரிக்காவின் பழங்குடி நாகரிகத்தினர்) சுவடிகளில் ஒன்று இருக்கிறது, 1739-ல் வியன்னாவில் வாங்கியது. அத்திமர வகைப் பட்டையில் செய்த தாள், மடித்து மடித்து விரியும், அதில் வெள்ளிக் கோளின் கணக்கு. படித்துக் களைத்தால் எழுந்து போய்ப் பார்க்கலாம், இப்படி ஒரு வாய்ப்பு வேறு எந்த மாணவனுக்கு!

அரண்மனை அருங்காட்சியகத்திலும் நமக்கென்று ஒரு பொருள் இருக்கிறது. தங்கத்திலும் எனாமலிலும் ஆயிரக்கணக்கான வைரங்களிலும் செய்த ஔரங்கசீப்பின் தர்பார். நூற்றுக்கும் மேற்பட்ட சின்னஞ்சிறு பொம்மைகள், யானைகள், காணிக்கை சுமந்து வருபவர்கள். 1701 முதல் 1708 வரை டிங்லிங்கர் என்ற பொற்கொல்லர் சாக்சனி ஆட்சியாளருக்காகச் செய்தது. செய்து முடிப்பதற்குள் இந்தியாவில் ஔரங்கசீப்பே இறந்துவிட்டார். டிங்லிங்கர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை, பயணிகள் எழுதியதைப் படித்துக் கற்பனையில் வடித்தார். அதனால் சில பொம்மைகள் சீனர்கள் மாதிரி இருக்கும். அதன் முன்னால் நின்றால் நேரம் போவதே தெரியாது.

இனி கஷ்டமானதைச் சொல்கிறேன். நீங்கள் வருவது அக்டோபர், மரங்கள் எல்லாம் மஞ்சளும் சிவப்புமாக மயக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், அன்றிலிருந்து மாலை என்பதே இல்லாமல் போகும். டிசம்பரில் காலை எட்டு மணிக்குத்தான் சூரியன், நான்கு மணிக்கு மறைந்துவிடும், அதுவும் மேகத்துக்குப் பின்னால். வகுப்புக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. நவம்பரில் பிள்ளைகள் "தப்பான ஊருக்கு வந்துவிட்டேன்" என்று சொல்வதை ஒவ்வொரு வருடமும் கேட்கிறேன். மத்தியானம் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும்போது கட்டாயம் வெளியே நடங்கள், மருத்துவரிடம் கேட்டு விட்டமின் டி எடுங்கள், அறையில் தனியாக இருக்காமல் யாரோடாவது சமையுங்கள். உறக்கம் கெட்டு மனம் மிகவும் தளர்ந்தால் பல்கலைக்கழக மாணவர் அமைப்பில் உளவியல் ஆலோசனை உண்டு, அதற்குப் போவதில் எந்தக் குறைவும் இல்லை.

அந்த இருட்டுக்கு இந்த ஊர் மக்கள் கண்டுபிடித்த பதில் டிசம்பரில் தெரியும். ஜன்னல் ஜன்னலாக அரைவட்ட மரச்சட்டத்தில் விளக்கு வரிசை வைப்பார்கள். பக்கத்து மலைப்பகுதியில் சுரங்கத் தொழிலாளர்கள் தொடங்கிய வழக்கம். விடுதி மாடியிலிருந்து பார்த்தால் எதிர்க் கட்டடம் முழுக்க அந்த வளைவுகள் எரியும். ஆல்ட்மார்க்ட்டில் நடக்கும் கிறிஸ்துமஸ் சந்தை 1434-லிருந்து நடப்பது.

ஒரு உண்மையான தமிழ்த் தொடர்பும் இந்த ஊர்ப் பக்கம் உண்டு. காமென்ஸ் போகும் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூர் வரும், இஞ்சி மசாலா ரொட்டிக்குப் பேர்போனது. தரங்கம்பாடியில் 1706-ல் வந்து இறங்கி, தமிழ் கற்று, 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு பிறந்தது அங்கேதான். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் கேட்பார்கள். பெகிடா என்ற வெளிநாட்டவர் எதிர்ப்பு இயக்கம் 2014-ல் தொடங்கியது இந்த ஊரில்தான், பத்து வருடம் திங்கட்கிழமைகளில் ஊர்வலம் போனார்கள். 2024 சாக்சனித் தேர்தலில் வலதுசாரிக் கட்சியான ஆஎஃப்டே 30 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. நொய்ஸ்டாட்டில் ஜோர்ஜ் கோமொண்டாய் பெயரில் ஒரு சதுக்கம் இருக்கிறது, 1991-ல் டிராமில் இனவெறியர்கள் தாக்கியதில் இறந்த மொசாம்பிக் தொழிலாளர் அவர். இதையெல்லாம் மறைத்து "ஒன்றுமே இல்லை" என்று சொல்வது உங்களுக்கு நான் செய்யும் துரோகம். அதே சமயம், பிப்ரவரி 13 அன்று மாலை ஊர் மக்கள் கைகோர்த்து மனிதச் சங்கிலியாக நிற்பதையும், இரவு 9.45-க்கு எல்லாத் தேவாலய மணிகளும் ஒலிப்பதையும் பாருங்கள், போர் நினைவை வெறுப்புக்குப் பயன்படுத்த விடமாட்டோம் என்று சொல்ல வருகிறவர்கள் அவர்கள். அன்றாட வாழ்க்கையில் முறைப்பும் முணுமுணுப்பும் எப்போதாவது வரும், பெரும்பாலான நாட்கள் சாதாரணமாகப் போகும். பெரிய ஊர்வலம் நடக்கும் இடத்தையும், பின்னிரவில் குடித்திருக்கும் கும்பலையும் தவிர்த்துவிடுங்கள். ஏதாவது நடந்தால் காவல்துறையின் 110-க்கு அழையுங்கள், பல்கலைக்கழகத்திலும் சொல்லுங்கள், சகித்துக்கொண்டு போக வேண்டாம்.

மொழியைப் பற்றி ஒன்றே ஒன்று. பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் ஊர் ஜெர்மனில்தான் நடக்கிறது, பெர்லின் மாதிரி இல்லை. பேக்கரியில், அலுவலகத்தில், வீடு தேடும்போது எல்லாம். ஜெர்மனில் பி1 என்ற நடுத்தர நிலை முடித்த பிள்ளைகளுக்குப் பகுதி நேர வேலை கிடைப்பதும் மற்றவர்களுக்குக் கிடைப்பதும் ஒன்றாக இல்லை. விசா வருவதற்குள் அதற்கு ஒரு படி கீழான ஏ2 முடிக்கப் பாருங்கள்.

அப்புறம் விடுதி. சேர்க்கைக் கடிதம் கையில் வந்ததுமே மாணவர் விடுதிக்கு இணையத்தில் விண்ணப்பம் போட்டுவிடுங்கள், விசாவுக்காகக் காத்திருக்க வேண்டாம், அக்டோபரில் எல்லோரும் ஒன்றாக வருவதால் வரிசை நீளும். செப்டம்பர் கடைசியிலேயே வந்துவிட்டால் வகுப்பு தொடங்குவதற்குள் அன்மெல்டுங்கும் முடியும், ஆற்றங்கரையில் கொஞ்சம் வெயிலும் கிடைக்கும். எந்தத் துறை என்று எழுதுங்கள், எந்த விடுதி பக்கம் என்று சொல்கிறேன்.